குனிந்த முதுகுகள்

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்கள் நாட்டுப்புற மக்களை விரும்பியே வரைந்தனர். மதுக்கடையில் களித்தோரும் திருவிழாவில் ஆடியோரும் அவர்தம் ஓவியங்களில் நிறைந்துள்ளனர். ஆயின், வயலில் மண்ணை அகழ்வோரையும் விதைப்போரையும் அவர்கள் வரைந்ததுண்டா? 1885 சூலையில் தம்பி தியோவுக்கு எழுதிய மடலில் இவ்வினாவை எழுப்பியவர் வின்சென்ட் வான்கோ. அக்கோடையில் அவர் வரைந்த உழவர்குலப் பெண்களின் கோட்டோவியங்கள் அதற்கு விடையாக அமைந்தன எனலாம்.

1883 திசம்பர் முதல் 1885 நவம்பர் வரை வட பிரபாண்டுப் பகுதியின் நியூனன் என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்தார். அங்கு 1885-இல் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்தையொட்டிய கல்லச்சுப் படியைக் கண்ட நண்பர் வான் ராப்பார்டு, உருவங்களின் குறைகளைக் கடுமையாகச் சாடினார். அதனால் நட்பு முறிந்தது. எனினும் வான்கோ உருவம் வரைதலில் முன்னினும் முனைந்து ஈடுபட்டார். புறக்கோட்டில் தொடங்காது உடலின் நடுத்திரளிலிருந்து உருவத்தை வளர்த்தெடுக்கும் முறையை டெலாக்ருவாவிடமிருந்து பெற்றார்.

அம்முறையின் பயனை அறுவடைக்காலப் படங்களில் காணலாம். ஒருத்தி கதிர் பொறுக்குகிறாள். ஒருத்தி கதிர்க்கட்டைப் பிணைக்கிறாள். மற்றொருத்தி மண்ணைத் தோண்டுகிறாள். கறுப்புச் சுண்ணக்கோலால் அழுத்தி வரையப்பட்ட இவ்வுருவங்களில் முகத்தினும் முதுகே முதன்மை பெறுகின்றது. குனிந்த இடுப்பும் தடித்த பாவாடையின் மடிப்புகளும் உடலின் பாரத்தை உணர்த்துகின்றன. கலைக்கழகத்து உருவங்கள் அளவில் பிழையற்றவை, ஆயினும் அவை உழைப்பதில்லை என்பது வான்கோவின் கருத்து. அளவு சிறிது பிறழினும் செயல் மெய்யாதல் வேண்டும் என அவர் எண்ணினார்.

இப்பெண்கள் கூலி பெற்றே அவருக்காக நின்றனர். அவர்களுள் ஒருவரான கோர்டினா டி குரூட் என்னும் மணமாகாத பெண் கருவுற்றபோது ஐயம் வான்கோமீது விழுந்தது. அவர் அதனை மறுத்தார். ஊர்க் கத்தோலிக்கக் குருவோ, ஓவியருக்காக நிற்கலாகாதென மக்களைத் தடுத்தார். மறுப்போருக்குப் பணம் தருவதாகவும் கூறினார் என வான்கோவின் மடல் தெரிவிக்கின்றது. ஆள் கிடைப்பது அரிதாகவே, அவர் கிழங்குகளையும் பறவைக் கூடுகளையும் தீட்டலானார். நவம்பரில் ஊரைவிட்டே நீங்கினார்.

வரைந்தவர் பெயரை உலகம் அறியும். வரையப்பட்டவர் பலர் ‘உழவர்ப் பெண்’ என்னும் பொதுப்பெயருடனேயே அருங்காட்சியகங்களில் உள்ளனர். பெயர் நிலைத்த கோர்டினாவையும் அப்பழிச்சொல் விடாது தொடர்கின்றது. ஆதலின் இவற்றை ஓர் ஓவியரின் பயிற்சித் தாள்களாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்க இயலாத பெண்களின் உழைப்புக்குச் சான்றாகவும் இவற்றைக் காணுதல் வேண்டும்.