கூம்புத் தொப்பியும் நம்ம ஊர் காப்புக்கட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நம்ம காதர்பேட்டை செகண்ட்ஸ் கடைகளில் குவிந்து கிடக்கும் குழந்தைகள் பனியன்களில் அடிக்கடி ஒரு படத்தைப் பார்க்கலாம். கூம்புத் தொப்பி, துடைப்பம், பல்லைக் காட்டிச் சிரிக்கும் பூசணிக்காய். மேல்நாட்டில் அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீனுக்காகத் தைத்து, மிஞ்சிப்போன சரக்கு அது. தைக்கிற நமக்கு அது ஒரு டிசைன், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் கேட்டிருந்தாள். "சார், என்கூட வேலை செய்யும் அம்மா தன்னை 'விட்ச்' என்கிறார். பௌர்ணமிக்கு விளக்கேற்றுகிறார், பருவத்துக்கு ஒரு பண்டிகை கொண்டாடுகிறார். சூனியக்காரியா சார்? பயப்படணுமா?" பயப்பட வேண்டாம் கண்ணு. ஆனால் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த அம்மா பின்பற்றுவது பெரும்பாலும் 'விக்கா' என்ற நெறியாக இருக்கும். அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884-இல் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதில் இலங்கைக்கு வந்து மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். தமிழ்நாட்டிலிருந்து போன நம் சனங்கள் கொழுந்து பறித்த அதே மலை. பிறகு போர்னியோ, மலேயா என்று சுற்றி, சுங்க அதிகாரியாக ஓய்வு பெற்று 1936-இல் இங்கிலாந்து திரும்பினார். (உடனே 'விக்கா நம்மிடமிருந்து போனது' என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம்!)

இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல்தான் நீக்கப்பட்டது. மூன்றே வருடத்தில், 1954-இல், கார்ட்னர் தன் புத்தகத்தை வெளியிட்டார். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்த பழைய மதம் ரகசியமாகத் தொடர்ந்து வந்தது, அதன் மிச்சம்தான் இது என்றார். மார்கரெட் மர்ரே என்ற அறிஞர் 1921-இலேயே அப்படி ஒரு கருத்தை எழுதியிருந்தார். பின்னால் வந்த வரலாற்று ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. ரொனால்டு ஹட்டன் 1999-இல் எழுதிய நூலில், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான புதிய மதம் என்று விரிவாகக் காட்டினார்.

அவர்களுக்கு வருடத்துக்கு எட்டுப் பண்டிகைகள். அதை 'ஆண்டுச் சக்கரம்' என்பார்கள். பகலும் இரவும் சமமாகும் நாட்கள் இரண்டு, மிக நீண்ட பகல், மிக நீண்ட இரவு, இவற்றுக்கு இடையில் நான்கு. தனித்தனியாகக் கிடந்த பழைய நாட்களை எட்டாகக் கோத்து ஒரே சக்கரமாக்கியது 1950-களில்தான். வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு மேசையில் விளக்கு, அந்தப் பருவத்துப் பழம், இலை, தானியம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பலர் இந்தச் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அங்கே அக்டோபர் வசந்த காலம் அல்லவா? நாள்காட்டியில் உள்ள தேதியைவிட, தன் வாசலில் அடிக்கும் வெயிலும் காற்றும்தான் முக்கியம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

தொழிற்புரட்சிக்குப் பின் ஆலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குத் தூங்கிய நாடு அது. மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது. அறுந்ததை ஒட்டவைக்க, புத்தகம் பார்த்துப் பண்டிகை உண்டாக்க வேண்டியிருந்தது.

நம்ம பக்கம் பாருங்கள். மார்கழி கடைசி நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டு இறவாணத்திலும் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் காப்புக் கட்டுவோம். மூன்றும் அந்தப் பருவத்தில் நம் வேலியோரத்தில் தானாகக் கிடைப்பவை. மாட்டுப் பொங்கலன்று பட்டியில் தெப்பக்குளம் கட்டி மாடுகளை மிதிக்க விடுவோம். மறுநாள் பூப்பறிக்கும் நோம்பி. பெண்கள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்துக் கும்மியடித்து வருவார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, மூன்று கிளையாகப் பிரியும் கம்பம் நட்டு, தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். ஆடி நோம்பிக்கு மரத்தில் தூரி கட்டி ஆடுவோம். பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் முளைப்பாரி விடுவோம். ஆடிப்பட்டத்துக்கு விதை தேறுமா என்று பார்க்கும் சோதனை அது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இதெல்லாம் அப்படியே மாறாமல் வந்தது என்றும் நினைக்காதீர்கள். திருப்பூருக்குப் பனியன் மிஷின் வந்தது 1925-இல், குலாம் காதர் காலத்தில். ஏர் கலப்பைக்கும் தறிக்கும் வைத்த சந்தனப் பொட்டு, அதற்கப்புறம் நிட்டிங் மிஷினுக்கும் ஓவர்லாக் மிஷினுக்கும் போனது. ஆயுதபூஜையன்று கம்பெனி வாசலில் உடைக்கும் பூசணிக்காய்க்கு இந்த ஊரில் அதிகம் போனால் நூறு வயது. அதனால் அது பொய்யாகிவிடுமா? உழைக்கும் கருவிக்கு ஒருநாள் ஓய்வு, உழைக்கும் ஆளுக்குப் பொரிகடலை, ஒரு பனியன் துணி, ஒரு சிரிப்பு. விக்காவும் புதியது என்பதற்காக மட்டம் இல்லை. பழையது என்று பொய் சொல்லும்போதுதான் வரலாறு குறுக்கே வரும்.

இரண்டு எச்சரிக்கைகள், வாத்தியார் என்ற முறையில்.

ஒன்று: வேப்பிலை பெரியம்மையை நிறுத்தவில்லை, தடுப்பூசிதான் நிறுத்தியது. நம் நாட்டின் கடைசிப் பெரியம்மை 1975-இல். உலகமே விடுபட்டதாக 1980-இல் அறிவித்தார்கள். மாரியம்மனுக்குக் கம்பம் நடுங்கள். குழந்தைக்கு ஊசியும் போடுங்கள்.

இரண்டு: 'சூனியக்காரி' என்ற சொல். மேல்நாட்டில் அதைச் சிலர் பெருமையாகச் சூடிக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்கரவர்த்தி 1980-களில் தன்னை அப்படி வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். ஆனால் அதே சொல்லைச் சொல்லி விதவைகளையும் நிலம் வைத்திருந்த தனிப்பெண்களையும் அடித்துக் கொன்றதால்தான் பீகாரில் 1999-இல் தனிச்சட்டமே வந்தது, 2001-இல் ஜார்க்கண்டிலும். அந்த மாநிலத்துப் பிள்ளைகள் இன்று உங்கள் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருந்து பச்சிலை வைத்தியம் பார்க்கும் கிழவியை விளையாட்டுக்குக்கூட அந்தப் பெயர் சொல்லாதீர்கள்.

இப்போது நமக்கான விஷயம். நம் ஊரும் இன்று ஆலைச் சங்கு ஊர்தான். மார்கழிக் குளிரில் மேல்நாட்டுக் கோடைக்குக் கையில்லாத பனியன் தைக்கிறோம். ஆடிக்காற்றில் அவர்களுடைய குளிருக்கு முழுக்கை தைக்கிறோம். நம் காலண்டர் ஆர்டரில் ஓடுகிறது. காப்புக்கட்டுப் பூவை ரோட்டோரத்தில் கட்டு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறோம்.

அதையும் குறை சொல்லமாட்டேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து நம் ஊருக்குள் ஓடும் நொய்யலை நினைத்துப் பாருங்கள். சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனை குடும்பம் அப்போது தவித்தது என்பது உங்களில் பலருக்கு நேரில் தெரியும். பதினெட்டாம் பெருக்குக்கு முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு நொய்யலைத் தாண்டி, பவானிக்கும் கொடுமுடிக்கும் பஸ் பிடிக்கிறோம். பீகார்ப் பிள்ளைகளின் சத் பூஜைக்கும் தண்ணீரில் இறங்கி நின்றுதான் சூரியனைக் கும்பிட வேண்டும். அவர்களுக்கும் அதே கதி.

ஆங்கிலேயன் பண்டிகையைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்து எழுதி உண்டாக்கினான். எழுதிவிடலாம், அது முடியும். ஆற்றை அப்படி எழுதி உண்டாக்க முடியாது. ஆவாரஞ்செடி நின்ற புறம்போக்கு போய்விட்டால் பூநோம்பியும் போய்விடும். சுத்திகரிப்பு நிலையத்தைச் செலவு என்று நினைக்கும் தொழிலதிபர்களும் என் மாணவர்களில் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆயுதபூஜைக்கு மிஷினைத் துடைக்கிற அக்கறையில் பாதியை ஆற்றுக்கும் காட்டுங்கள் சாமி.

வரும் தைக்கு, முடிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய், ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செடியில் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். உங்கள் வீட்டில் இன்னும் விடாமல் செய்யும் நோம்பி எது, விட்டுப்போனது எது என்று கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.