குமிழில் வைத்த கை

இண்டூரில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் நான் கூத்தைப் பார்த்ததைவிட மாமாவின் வலது கையைப் பார்த்ததுதான் அதிகம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருக்கும் ஊர் இது. அம்மாவுடைய தம்பி அங்கே மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், கரண்ட் போனால் மாட்டுவதற்கு ஒரு பேட்டரி, கூத்துக் களத்தின் நடுவில் கயிற்றில் கட்டித் தொங்கவிட ஒரு மைக். அவ்வளவுதான் மொத்தச் சொத்தும்.

ஒரே மைக் என்பதில்தான் சிக்கல். துரியோதனன் வேஷக்காரர் நேராக அதன் கீழே வந்து நின்று அதட்டினால் குழாய் கிழிந்துவிடும்போல அலறும். அடுத்த நிமிஷம் பாஞ்சாலி ஓரமாக ஒதுங்கி அழுவாள். பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்கு ஒன்றும் கேட்காது. மாமா வால்யூம் குமிழின் மேல் இரண்டு விரலை வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அதட்டலுக்கு இறக்குவார், அழுகைக்கு ஏற்றுவார். கண் மூடியிருக்கும். "தூங்கிட்டீங்களா மாமா?" என்று கேட்டால் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "காது தூங்கல மாப்ள."

நான் கிட்டார் பழகினேன். 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு ஒன்றில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு இந்த வாத்தியத்தில் விழுந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்களோ, அவர்களில் நானும் ஒருவன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். அதன் பின்னால் ஒவ்வொன்றாக, காலால் மிதிக்கிற பெடல்கள். அதில் ஒன்று கம்ப்ரஸரும் பூஸ்டும் ஒரே டப்பாவில் இருக்கும் அனலாக் பெடல். எங்கள் பக்கத்தில் கம்ப்ரஸர் என்றால் பஞ்சர் கடையில் காற்றடிக்கிற மெஷின், இல்லையென்றால் போர் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற மோட்டார். இது காற்றை அமுக்குவதில்லை, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிறது. ஓங்கி அடித்த சுரத்தை இறக்கும், மெல்லத் தொட்டதை ஏற்றும். முதல் நாள் மாட்டி வாசித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டப்பாவுக்குள் மாமாவின் கை இருக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்று தேடப்போனதுதான் இந்தக் கட்டுரை.

*

கம்ப்ரஸரின் கதை கிட்டாரில் தொடங்கவில்லை, ரேடியோவில் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924ல் சென்னையில் ரேடியோ கிளப் நடத்தி ஒலிபரப்பினார். 1930ல் அந்த வேலையைச் சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. அந்தக் கால ஏஎம் ஒலிபரப்புக்கு உலகம் முழுக்க ஒரே தலைவலிதான். பாடகரின் குரல் ஒரு ரேடியோ அலையின் மேல் ஏறிப் போகிறது. குரல் அந்த அலை தாங்கும் அளவை மீறினால் அலை இடையிடையே அறுந்துபோகும். வீட்டு ரேடியோவில் குரல் கரகரக்கும், பக்கத்து நிலையத்துக்குள்ளும் இரைச்சல் புகும். பயந்து குரலை ஒரேயடியாகக் குறைத்து அனுப்பினாலோ தூரத்து ஊர்களில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் ஒலிபரப்பு அறையில் ஒரு ஆள் முள்ளைப் பார்த்துக்கொண்டு குமிழில் கை வைத்து உட்கார வேண்டியிருந்தது. இண்டூரில் மாமா செய்த அதே வேலை.

1937ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 110-ஏ என்ற ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தது. சத்தம் எல்லையைத் தொட்டால் அது தானாகவே இறக்கிவிடும். இந்த வகைக் கருவிகளின் சூட்சுமம் எளிமையானது. ஒலியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, அதை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றி, அந்த மின்சாரத்தாலேயே ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தைக் குறைப்பது. சத்தம் தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

1960களில் ஜிம் லாரன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை ஒளியால் செய்தார். அவருடைய டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ கருவியில் சத்தம் கூடினால் உள்ளே ஒரு சின்னத் தகடு ஒளிரும். எதிரே இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஒலியை மட்டுப்படுத்தும். வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் கண் பழக நேரம் ஆகுமே, அதுபோல அந்த உணரிக்கும் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால்தான் அதன் வழியே வரும் குரல் இயல்பாக இருக்கிறது என்று ஒலிப்பதிவாளர்கள் இன்றும் அந்தப் பழைய கருவியை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

*

கிட்டார்காரனுக்கு வேறு கவலை. அவன் சத்தம் மீறுவதற்குப் பயப்படவில்லை, சத்தம் சாவதற்குப் பயந்தான். மீட்டிய கம்பி அந்த நொடியிலேயே தேயத் தொடங்கிவிடும். வயலினுக்கு வில் இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது. மீட்டுகிற வாத்தியத்துக்கு முதல் அடி மட்டும்தான்.

நியூயார்க்கில் 1968ல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மைக் மேத்யூஸ், பெல் ஆய்வகத்தில் இருந்த பாப் மையர் என்ற நண்பரிடம் ஒரு வேலை கொடுத்தார். கம்பியின் நாதம் கரகரப்பில்லாமல் நீண்டு நிற்க ஒரு கருவி வேண்டும். மையர் செய்து கொடுத்த மாதிரியின் முன்னால் கூடவே ஒரு குட்டி டப்பா தொங்கியது. இது என்ன என்று கேட்டால், கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது, அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க இது என்றார். உள்ளே ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அந்தக் குட்டியைத்தான் மேத்யூஸ் எல்பிபி-1 என்று பெயரிட்டு முதலில் விற்றார். கம்ப்ரஸரைத் தேடிப் போனவருக்குக் கையில் கிடைத்தது பூஸ்ட்.

கம்ப்ரஸரைக் கிட்டார்காரர்களின் காலடிக்குக் கொண்டுவந்ததில் 1970களின் எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் பெடலுக்குப் பெரிய பங்கு உண்டு. கையடக்கமான சிவப்பு டப்பா, இரண்டே குமிழ்கள். உள்ளே ஆர்சிஏ நிறுவனத்தின் சிஏ3080 என்ற சில்லு. ஒரு காலில் எவ்வளவு மின்னோட்டம் கொடுக்கிறோமோ அதற்கேற்பப் பெருக்கம் கூடிக் குறையும் சில்லு அது. ரேடியோ நிலையத்தில் ஒரு அலமாரியே பிடித்த வேலை, ஒரு 9 வோல்ட் பேட்டரியில் அடங்கிவிட்டது.

*

தேயும் நாதத்தின் கவலை நம் ஊருக்குப் புதிதல்ல. வீணையில் ஒரு மீட்டுக்குள்ளேயே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரங்களைக் காட்ட வேண்டும். முதல் சுரத்துக்கு இருக்கிற பலம் மூன்றாவதற்கு இருக்காது. பலா மரத்தில் குடைந்த குடம் முடிந்தவரை நாதத்தைத் தாங்கும், பிறகு கைவிட்டுவிடும். வீணையில் காண்டாக்ட் மைக் ஒட்டுவது சரியா தப்பா என்று சபாக்களில் நடந்த சண்டையின் அடியில் இருந்ததும் இந்தக் கவலைதான். மைக் ஒட்டினால் அந்த மூன்றாவது சுரம் கடைசி வரிசைக்கும் போகும். ஆனால் கேட்பது மரத்தின் குரலா, மின்சாரத்தின் குரலா?

இந்தக் கேள்வியைக் கடந்துபோனவர் யு. ஸ்ரீநிவாஸ். 1969ல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்தவர். குருவான ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். பாட்டைக் கேட்டு வளர்ந்த விரலுக்கு, டிங் என்று ஒலித்துச் செத்துப்போகிற சுரம் எப்படிப் போதும்? மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். ஒற்றைக் கம்பியில் கமகம் தெளிவாக விழும், பிக்கப் அதை ஸ்பீக்கர் வரை கொண்டு சேர்க்கும். 1995ல் அவர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து 'டிரீம்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கம்பியின் சிக்னலைக் கம்பிக்கே திருப்பி ஊட்டி, நாதம் சாகவே சாகாத 'இன்ஃபினிட் கிட்டார்' செய்தவர் இந்த புரூக். நாதத்தை நீட்ட இருவேறு தேசங்களில் பாடுபட்ட இரண்டு பேர் ஒரே ஆல்பத்தில் சந்தித்தது எனக்கு இன்றும் அழகான தற்செயலாகத் தெரிகிறது. ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் காலமானார்.

ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்னாடக இசையை வாசிக்கிறார். 2006ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கமாக 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்றே ஒரு ஆல்பம் செய்தார். மின்சாரம் நம் சங்கீதத்துக்கு வெளியாள் என்று இனியும் சொல்ல முடியாது.

*

என் பெடலுக்கு வருகிறேன். கம்ப்ரஸர் பக்கம் எல்லைக்கு மேல் 8 டெசிபெல் ஏறுகிற சத்தத்தை, விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், 2 டெசிபெல்லாகக் குறைத்துவிடும். குறைத்ததை ஈடுகட்டி மொத்தத்தையும் தூக்கும்போது அடியில் கிடந்த மெல்லிய சுரங்கள் மேலே வருகின்றன. நாதம் நீண்டதுபோலத் தோன்றுவது இதனால்தான். கம்பி வழக்கம்போலத் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, தேயத் தேய டப்பா தூக்கிக் கொடுக்கிறது.

பூஸ்ட் வெறுமனே பெருக்கும். 20 டெசிபெல் என்றால் மின்னழுத்தம் பத்து மடங்கு. இரண்டில் எது முன்னால் என்பதில்தான் விஷயம். பூஸ்டை முன்னால் வைத்தால் அது தூக்கத் தூக்கக் கம்ப்ரஸர் அமுக்கும். சத்தம் பெரிதாகக் கூடாது, சுரம் இன்னும் தட்டையாகும். பின்னால் வைத்தால்தான் தனி ஆவர்த்தனத்தில் கிட்டார் மற்ற வாத்தியங்களைத் தாண்டி எழும். என் பெடலில் பூஸ்ட் பின்னால்.

குறை இல்லாமல் இல்லை. நான் வாசிப்பதை நிறுத்தியதும் கம்ப்ரஸர் "சத்தம் குறைஞ்சிருச்சே" என்று பெருக்கத்தைக் கூட்டும். அப்போது மேலே வருவது சுரமல்ல, அறையில் இருக்கிற கரண்டின் உறுமல். இன்னொன்றும் உண்டு. அதற்கு வந்த சத்தம்தான் தெரியும், வரப்போகிற சத்தம் தெரியாது. ஓங்கி அடித்த பிறகே விழித்துக்கொண்டு அமுக்கும். மாமாவின் கை துரியோதனன் வாயைத் திறப்பதற்கு முன்பே இறங்கிவிடும். அவருக்குக் கதை தெரியும்.

*

மாமாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே எத்தனையோ இரவுகள் உட்கார்ந்ததற்கு வந்த கூலி. டாக்டர் விளக்கியதை வைத்துப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நம் காதுக்குள்ளேயே ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. உட்காதில், நத்தை ஓடுபோலச் சுருண்ட குழலில், ஏறத்தாழ 12,000 வெளி மயிர்ச் செல்கள். மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பதும், பெரிய சத்தத்தை அதன் போக்கில் விடுவதும் இவற்றின் வேலை. ஓயாத பேரிரைச்சலில் இவை செத்துப்போகும். செத்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. அதனால்தான் காது கெட்டவருக்கு மெதுவாகப் பேசினால் கேட்பதில்லை, கத்திப் பேசினால் "ஏன் கத்தற?" என்று கோபம் வருகிறது. ஊருக்கெல்லாம் கையால் கம்ப்ரஸராக இருந்த மனிதர் தன் காதில் இருந்ததைச் செலவழித்துவிட்டார்.

அதற்கு மருந்தும் அதே சர்க்யூட்தான். 1980களின் இறுதியில் மீட் கில்லியன் என்ற அமெரிக்கர் 'கே-ஆம்ப்' என்ற அனலாக் சில்லை உருவாக்கினார். மெல்லிய ஒலியை நிறையவும் பெரிய ஒலியைக் கொஞ்சமாகவும் பெருக்கும் காது மெஷின்களுக்கான சில்லு அது. இன்றைய மெஷின்கள் டிஜிட்டல் ஆகிவிட்டன, கொள்கை மாறவில்லை. மாமாவின் காதுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு கம்ப்ரஸரும் பூஸ்டும்தான்.

போன வருஷம் கூத்துக்கு இருவரும் போனோம். வெளியூர் செட். ஆளுக்கொரு மைக், பெரிய மிக்ஸர், கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர்கள். துகில் உரியும் கட்டம் முடிந்ததும் மாமா என் பக்கம் குனிந்தார். "நல்லாத்தான் கேக்குது மாப்ள. ஆனா அழறதும் அதட்டறதும் ஒரே ஒசரத்துல வருது." மிக்ஸரா காரணம், அவருடைய மெஷினா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வீட்டில் கிட்டாரை எடுத்தேன். சும்மா இருக்கட்டும் என்று பெடலை ஸ்டூல் மேல் வைத்து, "இதுல ஒங்க கை இருக்கு மாமா" என்றேன். அவர் கம்ப்ரஸரை அணைக்கச் சொன்னார். பூஸ்ட் குமிழின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டார். கண்ணை மட்டும் இந்தமுறை மூடவில்லை. மெல்ல வாசித்தேன், விரல் ஏறியது. ஓங்கி அடிக்கலாம் என்று நினைத்தேன், அடிப்பதற்கு முன்பே குமிழ் இறங்கிவிட்டது. இரண்டு மூன்று தரம் ஏமாற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

"எப்படி மாமா தெரியுது?"

"நீ அடிக்கப் போறப்ப தோள் தூக்குதில்ல?" என்றார். "துரியோதனனும் அப்படித்தான்."