நாய் வண்டி வந்த காலம்

நாலு குட்டிகளுக்கு வீடு தேடி அலைந்த வாரத்தில், மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெரியவர் சொன்னார்: "முன்னெல்லாம் கார்ப்பரேஷன் நாய் வண்டி வரும் தம்பி. பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. இப்ப அது இல்ல. அதான் இப்படிப் பெருகிப்போச்சு." அவருடைய பேரனை நாய் கடித்திருக்கிறது. தோள் ஊசிக்காக நாலு தடவை அலைந்திருக்கிறார்கள். குட்டி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த 'முன்னெல்லாம்' என்னை விடவில்லை. வண்டி வந்த காலத்தில் சென்னையில் நாய் குறைந்திருந்ததா?

மதராஸில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் திட்டம் தொடங்கியது 1860-இல். அதே வருஷம்தான் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தெருவில் அலையும் நாய்களுக்கு ஒரு காப்பகம் திறந்தார். பேட்டர்சீ என்று இன்றைக்கு உலகமே அறிந்த இடம் அது. ஒரே சாம்ராஜ்யம், ஒரே வருஷம். (பேட்டர்சீயும் சொர்க்கம் இல்லை. யாரும் கேட்டு வராத நாய்களை அங்கேயும் கொன்றிருக்கிறார்கள்.)

அதற்கு முன்பே பம்பாய் இதைப் பார்த்துவிட்டது. நாய் ஒன்றுக்கு எட்டணா என்று கூலி கொடுத்துக் கொல்லச் சொன்னது கம்பெனி அரசு. காசு கிடைக்கிறதென்றால் வீட்டு நாய் எது, தெரு நாய் எது என்று யார் பார்ப்பார்கள்? 1832 ஜூனில் பார்சிகள் கொதித்து எழுந்தார்கள். இறந்தவர் உடலை நாயின் பார்வை படச் செய்வது அவர்களுடைய சடங்கு. மற்ற சமூகத்தாரும் சேர்ந்துகொள்ள, கடைகள் அடைபட்டன, பட்டாளத்துக்குப் போகும் உணவுப்பொருள் நின்றது. அதை பம்பாய் நாய்க் கலவரம் என்று வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மதராஸில் வண்டி நூறு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தது. பிடித்த நாய்களைக் கடைசியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள்.

1959-இல் ஒரு மழைநாள். தெரு வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிவந்தார் விமானி கேப்டன் வி. சுந்தரம். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. ப்ளூ கிராஸ் அங்கிருந்து தொடங்கியது. குட்டியை மடியில் ஏந்தி வீட்டுக்குள் நுழைந்து, அம்மாவிடம் திட்டு வாங்கிய எவருக்கும் இந்தக் கதை அந்நியமில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா என்ஜினியர். 1964-இல் மாநகராட்சியின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கொல்லும் எண்ணிக்கை வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போயிருந்தது. ஆரம்பத்தில் நாளைக்கு ஒரு நாய்கூட இல்லை. 1990-களின் நடுவில் அது நாளைக்கு 135 வரை போனதாக ப்ளூ கிராஸ் சொல்கிறது. திட்டம் வேலை செய்திருந்தால் பிடிக்க நாய் குறைந்திருக்க வேண்டுமே! காரணம் ரொம்ப சாதாரணம். ஒரு தெருவில் நாயை எடுத்துவிட்டாலும் குப்பைத்தொட்டி அங்கேயே இருக்கிறது. பக்கத்துத் தெரு நாய் வந்து உட்காரும், குட்டி போடும். கொன்று நாயோ ரேபிஸோ குறைந்ததற்கு எங்குமே சான்றில்லை என்று 1992-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் சொன்னது.

கருத்தடை செய், ரேபிஸ் ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. இதைத்தான் அவர்கள் கேட்டார்கள். ஏ-பி-சி மாதிரி எளிது என்பதால் அந்தப் பெயரையே திட்டத்துக்கும் வைத்தார்கள். மாநகராட்சி முழுதாக ஒப்புக்கொண்டது 1996-இல். எளிய விஷயம் புரிய 32 வருஷம்! 2001-இல் நாடு முழுமைக்கும் விதியானது. 1996-இல் சென்னையில் ரேபிஸால் 120 பேர் இறந்ததாகவும், 2003-இல் அது 5 ஆனதாகவும் ப்ளூ கிராஸ் கணக்கு.

அப்புறம் ஏன் அந்தப் பெரியவரின் பேரனை நாய் கடித்தது? ஏனென்றால் இந்த வேலையைப் பாதியில் விட்டால் பலனில்லை. ரேபிஸை நிறுத்த ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும். பல ஊர்களில் அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. கோபப்படுகிறவர்களை இரக்கமற்றவர்கள் என்று நாம் திட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினொரு நாளில் அதைத் திருத்தி, வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நாய் வண்டிக்கான ஏக்கம் அப்படியேதான் இருக்கிறது.

வீடு பிடித்துக் கொடுக்கிற எங்கள் வேலையும் இந்தக் கணக்கை மாற்றாது. நாலு குட்டியில் ஆண் குட்டிகள் இரண்டும் ஒரே வாரத்தில் போய்விட்டன. பெட்டைகளை "வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க அண்ணா" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுக்கு ஒரு மாதம் கழித்து ஆவடியில் வீடு கிடைத்தது. இன்னொன்று என்னிடமே இருக்கிறது.

தாய்க்குக் கருத்தடை முடிந்து, காது நுனியில் வெட்டுடன் அதே தெருவில் இறக்கிவிட்டபோது பெரியவர் வாசலில் நின்றிருந்தார். "திரும்ப இங்கேயே ஏன்ப்பா விடுற?" என்றார். 1860-இலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் உள்ளே போய்விட்டார். நாய் அவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.