டெல்டாவும் ரோப்பரும்: எலக்ட்ரான் கண்ட இரு புரோட்டான் கிளர்வுகள்

புரோட்டானை மாறாத பொருளாகவே நம் பள்ளிப் பாடங்கள் பழக்கியிருக்கின்றன. நேர்மின்சுமை, 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) நிறை என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அணுவுக்கு இருப்பதுபோலவே புரோட்டானுக்கும் கிளர்வு நிலைகள் உண்டு. ஹைட்ரஜன் அணுவை அதன் முதல் கிளர்வுக்கு ஏற்ற 10.2 எலக்ட்ரான் வோல்ட் போதும். அணுவின் நிறையில் அது பத்துக் கோடியில் ஒரு பங்கு. புரோட்டான் கிளர்ந்தாலோ அதன் நிறையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த நிலையும் நிலைப்பதில்லை. பையான் என்ற இலேசான துகள் ஒன்றை வெளியேற்றிவிட்டு உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இந்தக் கிளர்வுகளில் இரண்டை இங்கே அருகருகே வைக்கிறேன். ஒன்று 1232 மெ.எ.வோ. நிறையுள்ள டெல்டா. மற்றது 1440 என்று குறிக்கப்படும் ரோப்பர். பாடநூல்கள் டெல்டாவுக்கு ஓர் அத்தியாயமே தருகின்றன; ரோப்பர் அட்டவணையில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. புரோட்டானின் உள்ளமைப்பு பற்றி நமக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த ஒற்றை வரிதான் என்பது என் முடிவு.

இரண்டும் வெளிப்பட்ட விதத்திலேயே வேறுபாடு தொடங்குகிறது. 1951-52 ஆண்டுகளில் சிகாகோ சைக்ளோட்ரானில் ஃபெர்மியும் ஆண்டர்சனும் அவர்களுடைய குழுவினரும் பையான்களை ஹைட்ரஜன் மீது மோதவிட்டார்கள். ஆற்றலைக் கூட்டக் கூட்டச் சிதறல் மளமளவென்று ஏறியது. அவர்களுடைய கருவியால் முகட்டை எட்ட முடியவில்லை, ஏற்றத்தை மட்டுமே கண்டார்கள். ஆயினும் அங்கே ஏதோ இருக்கிறது என்பதை அந்த ஏற்றமே காட்டியது. பின்னால் முகடு முழுதாகத் தெரிந்தபோது அது வரைபடத்தில் தனி மலையாக நின்றது.

ரோப்பருக்கு அப்படி மலை எதுவும் இல்லை. எம்.ஐ.டி.யின் ஆய்வு மாணவர் டேவிட் ரோப்பர், கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் இருந்த கணினியில், உலகெங்கும் சேர்ந்திருந்த பையான் சிதறல் அளவீடுகளைப் பகுத்தார். சிதறலை அதன் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, யாரும் எதிர்பாராத ஒரு கூறில் ஒத்ததிர்வு தலைகாட்டியது. கணக்குப் பிழையாக இருக்கும் என்று அதை அகற்ற அவரே முயன்றார், அது போகவில்லை. 1964இல் வெளியிட்டார். அப்போது அவர் தந்த நிறை சுமார் 1485. பின்வந்த பகுப்பாய்வுகள் அதை 1440க்கு இறக்கின. இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் உண்டு. டெல்டாவின் ஆற்றல் அகலம் சுமார் 117 மெ.எ.வோ.; ரோப்பரின் அகலம் 350ஐ ஒட்டியது. அகலம் கூடினால் ஆயுள் குறையும். டெல்டா வாழ்வது 10இன் −24ஆம் அடுக்கு வினாடியைப் போல ஐந்தரை மடங்கு என்றால், ரோப்பருக்கு இரண்டு மடங்குகூட இல்லை. அவ்வளவு அகலமான ஒன்று பக்கத்து நிலைகளோடு கலந்து தன் உருவத்தையே இழந்துவிடுகிறது.

புரோட்டான் மூன்று குவார்க்குகளால் ஆனது என்ற கருத்து வந்த பிறகு இரண்டுக்கும் இடைவெளி இன்னும் பெரிதாயிற்று. டெல்டா, குவார்க் படத்துக்குள் அழகாகப் பொருந்தியது: புரோட்டானில் ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் மூன்று குவார்க் ஸ்பின்களும் ஒரே பக்கம் திரும்பினால் டெல்டா. அதன் இரட்டை நேர்மின்சுமை வடிவம்தான் குவார்க்குகளுக்கு நிறம் என்ற புதிய பண்பு தேவை என்ற சிந்தனையையும் தூண்டியது. ரோப்பரோ எளிய கணக்கையே பொய்யாக்கியது. புரோட்டானைப் போலவே ஸ்பின் 1/2, அதே பாரிட்டி. ஆகவே அது புரோட்டானே ஆரப்போக்கில் விரிந்து சுருங்கும் நிலையாக இருக்க வேண்டும். அப்படியானால் குவார்க் சுற்றியியங்கும் 1535 நிலைக்கு மேலேதான் அது அமைய வேண்டும். இயற்கையில் அதற்குக் கீழே இருக்கிறது. குவார்க்குகளோடு அவற்றைப் பிணைக்கும் குளுவானும் சேர்ந்த கலப்பு நிலை என்றார்கள் சிலர். பையானும் புரோட்டானும் தற்காலிகமாக ஒட்டிய கூட்டு என்றார்கள் வேறு சிலர். பையானை எறிந்து இதைத் தீர்க்க வழியில்லை, ஏனென்றால் பையானே குவார்க்குகளால் ஆனது. அடிப்பதும் அடிபடுவதும் இரண்டுமே சிக்கலான பொருள்கள்.

எலக்ட்ரானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அறிந்தவரை அதற்கு உள்ளமைப்பு கிடையாது. அது புரோட்டானைத் தொடும் மின்காந்த வழி மிக நுட்பமாகக் கணக்கிடக்கூடியது. ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டர் 1950களில் எலக்ட்ரான்களைச் சிதறவிட்டே புரோட்டானுக்குப் பருமன் உண்டு என்று நிறுவினார்; 1961இல் நோபல் பரிசு பெற்றார். கிளர்வுகளுக்கும் அதே வழிதான், ஒரு கூடுதல் வசதியோடு. எலக்ட்ரான் எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறதோ, அதாவது உந்தப் பரிமாற்றத்தின் வர்க்கம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு குறுகிய தொலைவைப் பார்க்கிறோம். எங்கள் தூத்துக்குடிக் கடலோரத்தில் சிலாபம் என்ற முத்துக்குளிப்புக் காலங்களில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். சதைக்குள் முத்து உண்டா என்பது வாங்கியவர் வீட்டில்தான் தெரிந்தது. புரோட்டானைத் திறக்கவே முடியாது. ஆனால் எலக்ட்ரானின் தாக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சுற்றியிருக்கும், பையான் போன்ற மேசான்களின் மேகத்தையும் நடுவில் இருக்கும் குவார்க் கருவையும் தனித்தனியே பிரித்தறியலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள ஜெஃபர்சன் ஆய்வகம் இதைத்தான் செய்தது. இருபது கெல்வின் அளவுக்குக் குளிரூட்டிய திரவ ஹைட்ரஜன் குப்பி. அதன் வழியே எலக்ட்ரான் கற்றை. சுற்றிலும் ஆறு மீக்கடத்திச் சுருள்களுக்கு நடுவே கிளாஸ் என்ற உணர்கருவி. வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தால், கிளர்ந்த பொருளின் நிறை தானே கணக்கில் விழுந்துவிடும். உண்மையான ஃபோட்டானைக் கொண்டு டெல்டாவை எழுப்ப அது 340 மெ.எ.வோ. தர வேண்டும், ரோப்பருக்கு சுமார் 636. எலக்ட்ரானின் மெய்நிகர் ஃபோட்டான் கூர்மை கூடக் கூட இன்னும் அதிகம் தர வேண்டியிருக்கும். ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் வரைந்தால் இங்கேயும் டெல்டாதான் முகடாக எழும், ரோப்பர் தெரியாது. அதைப் பிரித்தெடுக்க, கூடவே வெளிவரும் பையானின் கோணங்களையும் துருவமாக்கிய கற்றையையும் சேர்த்துப் பகுக்க வேண்டியிருந்தது. இந்தப் பொறுமையான வேலைக்குத்தான் ஆண்டுகள் பிடித்தன.

டெல்டா தந்த பதில் அழகானது, ஆனால் எதிர்பார்த்ததே. புரோட்டானை அதற்கு மாற்றுவது பெரும்பாலும் காந்த இருமுனை வழி, அதாவது ஒரு குவார்க்கின் ஸ்பின் புரள்வது. கூடவே மின் நான்முனைப் பங்கு ஒன்று, இரண்டரை விழுக்காடு அளவில், எதிர்க்குறியோடு வந்தது. வடிவம் துல்லியமான கோளமாக இல்லை என்பதற்கான தடயம் அது. வெறும் மூன்று குவார்க் கணக்கு காந்தப் பங்கை ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைத்தே தருகிறது. பாக்கியை மேசான் மேகம் ஈடுகட்டுகிறது. மிகக் கூர்மையான பரிமாற்றத்தில் அந்த நான்முனை விகிதம் குறி மாறி நூறு விழுக்காட்டை நோக்கிப் போகும் என்று கோட்பாடு சொல்லியது. அளந்த எல்லைவரை அது சிறியதாக, எதிர்க்குறியோடு அப்படியே இருக்கிறது.

ரோப்பர் தந்த பதில் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். அதன் குறுக்கு வீச்சு, அதாவது குறுக்காக அதிரும் ஃபோட்டான் அதைக் கிளர்த்தும் அளவு, பரிமாற்றம் இல்லாத முனையில் எதிர்க்குறியோடு தொடங்குகிறது. ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வர்க்கத்தில் பாதியை ஒட்டி சுழியத்தைக் கடக்கிறது. பிறகு நேர்க்குறியாக உயர்கிறது. டெல்டாவின் முதன்மை வீச்சில் இப்படிக் குறி மாறவே இல்லை. குளுவான் கலப்பு நிலையானால் நெடுக்கு வீச்சு இல்லாமல் போயிருக்க வேண்டும், குறுக்கு வீச்சு விரைவில் தேய்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஆகவே கலப்பு நிலை விலகிற்று. மிஞ்சியது இதுதான்: நடுவில் மூன்று குவார்க்குகளின் ஆரக் கிளர்வு, வெளியே கனத்த மேசான் மேகம். மேகத்தைக் கணக்கில் கழற்றிவிட்டால் அந்தக் கருவின் நிறை 1700க்கு மேல் வருகிறது. எளிய குவார்க் கணக்கு சொன்ன இடம் ஏறக்குறைய அதுவே. மேகம்தான் அதை 300 மெ.எ.வோ. அளவுக்குக் கீழே இழுத்திருக்கிறது. இயற்பியலாளர்கள் பர்க்கர்ட்டும் ராபர்ட்ஸும் 2019இல் எழுதிய மீள்பார்வைக் கட்டுரை இந்த ஐம்பதாண்டுப் புதிர் தீர்வை நெருங்கிவிட்டதாகவே கருதுகிறது.

நம் பக்கத்திலும் இதன் முன்கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணனும் அவர் மாணவர்கள் தேவநாதனும் ராமச்சந்திரனும் ஒளியால் டியூட்டிரியத்திலிருந்து பையான் பிறப்பதைக் கணக்கிட்டார்கள். அந்த நிகழ்வை ஆள்வது டெல்டாவே. எலக்ட்ரான் சிதறலில் பரிமாற்றம் சுழியமாகும் முனையும் அதே ஒளி நிகழ்வுதான். டியூட்டிரியம் என்றதும் தூத்துக்குடி–திருநெல்வேலி சாலையில் எங்கள் புதுக்கோட்டையைக் கடந்து போகிறவர்களுக்கு ஓர் எண்ணம் வரலாம்: ஸ்பிக் உர ஆலையின் வாயுவிலிருந்து அமோனியா வழியாக அதைப் பிரித்தெடுக்கும் கனநீர் ஆலை 1978இலேயே தூத்துக்குடியில் இயங்கத் தொடங்கியது. கடல்நீரில் ஆறாயிரம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு மேல் எண்ணினால் ஒன்று டியூட்டிரியம். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தது. தனி நியூட்ரானை இலக்காக வைக்க முடியாது, ஆகவே நியூட்ரானின் கிளர்வைப் பார்க்க இதுவே வழி.

இந்த இடத்தில் இரு நிலைகளும் மறுபடி பிரிகின்றன. டெல்டாவுக்கு நியூட்ரான் அளவீடு அவ்வளவு அவசரமில்லை. புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு வடிவங்களாகக் கருதும் ஐசோஸ்பின் விதிப்படி, புரோட்டானிலிருந்தும் நியூட்ரானிலிருந்தும் டெல்டாவுக்கு ஏறும் வீச்சுகள் சமமாகவே இருக்கும். ரோப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒளி முனையில் புரோட்டானின் வீச்சு எதிர்க்குறி, நியூட்ரானின் வீச்சு நேர்க்குறி, அளவும் வேறு. பரிமாற்றம் கூடும்போது நியூட்ரானின் வீச்சும் குறி மாறுகிறதா, எங்கே மாறுகிறது என்பது கருவையும் மேகத்தையும் பிரிக்கும் அடுத்த சோதனை. ஆனால் டியூட்டிரியத்துக்குள் நியூட்ரான் அசைந்துகொண்டே இருப்பதால் அளவு மங்கும். ஒதுங்கி நின்ற புரோட்டான் மெல்ல வெளியேறுவதைப் பிடித்தால் மங்கலைக் குறைக்கலாம். ஜெஃபர்சனின் போனஸ் சோதனை அந்த உத்தியைச் செய்து காட்டியிருக்கிறது. 12 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்திய முடுக்கியில் கிளாஸ்12 கருவி 2018 முதல் அளவெடுத்து வருகிறது. டியூட்டிரியத் தரவுகளில் ரோப்பரைத் தேடும் பகுப்பாய்வுக்குத்தான் இப்போது அதிக உழைப்பு தேவைப்படுகிறது.