ஆராய்ச்சி மணியும் நான்காம் கம்பியும்

சம்புவராயர்களின் தலைநகராய் விளங்கிய படவேட்டைப் பற்றி எழுதப் புகுவோர் கோட்டை, கோயில், கல்வெட்டு என்றே தொடங்குவர். நாம் இங்கே சொல்ல விழைவது எந்தக் கல்லிலும் ஏறாத அண்மைக்கால வரலாறு: கணினிப் பெட்டிக்குள் நடந்த ஒரு பிணக்கின் கதை.

1999ஆம் ஆண்டில் நாங்கள் கல்லூரி மாணவர்கள். பட்டு நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த அண்டை வீட்டு அண்ணன், கரையும் புட்டாவும் வரைவதற்காகக் கடன் வாங்கிப் பழைய கணினி ஒன்றை வாங்கியிருந்தார். 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இணையம் எங்கள் பக்கத்துக்கும் எட்டியிருந்தது. வரைந்த கோலங்களை வணிகருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று மோடம் அட்டை ஒன்றையும் வாங்கிச் செருகினார்.

மோடம் தொலைபேசியை அழைத்த மறுகணமே திரையில் சுட்டியின் அம்பு உறைந்து நின்றது. கணினியை அணைத்து ஏற்றினால் அம்பு ஓடும். அழைத்தால் மீண்டும் நிற்கும். கடைக்காரர் அட்டை பழுது என்று வேறொன்று தந்தார். அதுவும் அப்படியே. கணினியை வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்திருந்த நிலையில், ஆரணியில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்த்துவந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். திறந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, அட்டை நல்ல அட்டைதான். ஒரே மணியை ரெண்டு பேரு அடிக்கிறாங்க."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் பின்னர் எந்த நூலிலும் கண்டதில்லை. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மையச் செயலி தன் வேலையில் ஆழ்ந்திருக்கும். விசைப்பலகை, சுட்டி, மோடம் ஆகியவை முறையிட வேண்டுமானால் மணி அடிக்க வேண்டும். அம்முறையீட்டின் பெயரே குறுக்கீடு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கம்பி உண்டு. எந்தக் கம்பி அசைந்தது என்பதைக் கொண்டே அரசன் யாரைக் கவனிப்பது என அறிவான்.

1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில், இன்டெலின் 8259ஏ சில்லின் வழியாக இத்தகைய கம்பிகள் எட்டே இருந்தன. 1984இல் வந்த ஏ.டி. கணினியில் இரண்டாவது சில்லை முதலாவதன் ஒரு கம்பியில் தொடுத்ததால் பயன்படத்தக்கவை பதினைந்தாயின. அவற்றிலும் பல கடிகாரம், விசைப்பலகை, வட்டு என முன்பே பங்கிடப்பட்டவை. முதலாம், மூன்றாம் தொடர்வாயில்களுக்கு வழக்கமாக நான்காம் கம்பி. இரண்டாம், நான்காம் வாயில்களுக்கு மூன்றாம் கம்பி. எங்கள் சுட்டி முதல் வாயிலில் இருந்தது. மோடம் மூன்றாம் வாயிலாக அமைந்திருந்தது. பிணக்கு அங்கேதான்.

பகிர்ந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அக்காலச் செருகுவாய்களில் கம்பியின் மின்னிலை மாறும் கணம் மட்டுமே முறையீடாகக் கொள்ளப்பட்டது. ஓர் அட்டை கம்பியைப் பற்றியிருக்கையில் மற்றதன் அசைவு தெரியாது போகும். 1987இல் ஐ.பி.எம். கொணர்ந்த மைக்ரோ சேனல் இதைத் தீர்த்திருந்தது. ஆயினும் உரிமக் கட்டுப்பாடுகளால் பிற நிறுவனங்கள் அதைப் பெரிதும் ஏற்கவில்லை. தீர்வு இருந்தும் எளியோர் கைக்கு அது வரவில்லை என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

பெரியவர் செய்தது இவ்வளவே: பயாஸ் அமைப்பில் பயன்படாதிருந்த இரண்டாம் வாயிலை முடக்கினார்; மோடம் அட்டையில் ஜம்பர் எனப்படும் சிறு மூடிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகி, அதை இரண்டாம் வாயிலாக்கி மூன்றாம் கம்பியை அளித்தார். கணினி பிழைத்தது. அண்ணனின் கடனும் வீண்போகவில்லை.

1992இல் வெளிவந்த பி.சி.ஐ. முறையில், கவனிக்கப்படும்வரை முறையீடு நீடித்து நிற்கும். ஆதலால் பலர் ஒரே மணியை அடித்தாலும் அரசன் ஒவ்வொருவராய் விசாரித்துத் தீர்க்க இயலும். 1993இல் வந்த 'பிளக் அண்டு பிளே' ஏற்பாடு கம்பிகளைத் தானே பங்கிட முயன்றது. எனினும் பழைய அட்டைகள் கலந்த பெட்டிகளில் குழப்பம் தொடர்ந்தது. இன்றைய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அட்டைகள் மணியே அடிப்பதில்லை. நினைவகத்தின் குறித்த முகவரிக்கு ஓலை எழுதிவிடுகின்றன. ஜம்பர் மூடிகளை இக்கால மாணவர் பார்த்திருக்கவும் மாட்டார்.

தறியில் ஏறும் ஜக்கார்டு அட்டையையும் கணினியில் ஏறும் அட்டையையும் எங்கள் ஊர் ஒரே சொல்லால்தான் அழைத்தது. தறியின் நுட்பம் தலைமுறையாய்க் கைமாறி வந்தது. அப்பெரியவரின் நுட்பமோ ஒரு தலைமுறைக்குள் தேவையற்றுப் போனது. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர் கற்பித்தது இன்றும் வகுப்பறையில் எங்களுக்கு உதவுகிறது. இருவர் மோதும்போது இருவரில் ஒருவர் பழுது என்று முடிவுகட்டுமுன், அவர்களுக்குத் தனித்தனி மணி கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.