விளையாடுவோரை வகைப்படுத்தும் பெயர்கள்: அங்கெலிய முதல் வீடியோ விளையாட்டு வரை

விளையாட்டு மிகத் தொன்மையானது. விளையாடுவோரை வகைபிரித்துப் பெயரிடும் வழக்கமும் அத்துணைப் புதியதன்று. இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வீடியோ விளையாட்டுகளை ஆடுவோருக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. தீவிர ஆட்டக்காரர், பொழுதுபோக்கு ஆட்டக்காரர் என்னும் இருவகைப் பாகுபாடு யாவரும் அறிந்தது. சாதனையாளர், தேடலாளர், கூடிப்பழகுவோர், கொல்வோர் என்னும் நால்வகைப் பாகுபாடு ஆய்வாளரிடையே பெருவழக்குப் பெற்றது. இப்பெயர்கள் உண்மையில் எதனையேனும் உணர்த்துகின்றனவா, அன்றி வெறும் முத்திரைகள்தாமா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதற்கு விடை காண்பதற்கு, கணினி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆடுவோரைப் பெயரிட்டுப் பிரித்த ஓர் ஆட்டத்தை நோக்குதல் பயனுடையது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள லக்கலைப் பகுதியின் சிங்களக் கிராமங்களில் வழங்கிய அங்கெலிய என்னும் கொம்பு விளையாட்டே அது.

அங்கெலிய பத்தினித் தெய்வத்தின் பொருட்டு நிகழ்த்தப்படும் சடங்காகும். கொள்ளைநோயும் வறட்சியும் ஊரை வருத்திய காலங்களில் அத்தெய்வத்தின் அருளை வேண்டி மக்கள் இதனை ஆடினர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட தமது நூலில், வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து இழுக்கும் ஆட்டத்தை விவரித்துள்ளார். எனவே பதினேழாம் நூற்றாண்டிலேயே இது மலைநாட்டில் வேரூன்றியிருந்தமை தெளிவு. பிற்காலத்தில் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர லக்கலைப் பகுதியிலும் பிற இடங்களிலும் கள ஆய்வு செய்து, பத்தினி வழிபாடு பற்றி 1984 இல் வெளியிட்ட பெருநூலில் இவ்விளையாட்டை விரிவாக ஆராய்ந்தார்.

இவ்வாட்டத்தில் ஊரார் இரு பக்கத்தினராகப் பிரிவர். ஒரு பக்கத்தினர் உடுபில, அதாவது மேற்பக்கத்தார்; மறுபக்கத்தினர் யட்டிபில, அதாவது கீழ்ப்பக்கத்தார். மேற்பக்கம் பத்தினியின் கணவனாகிய பாலங்கனுக்கும் கீழ்ப்பக்கம் பத்தினிக்கும் உரியன. பாலங்கன் என்பவன் தமிழர் அறிந்த கோவலனே. கணவனும் மனைவியும் மரத்திலிருந்து பூப்பறிக்கையில் அவர்தம் கொக்கித் தடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்றும், மரத்தின் மேலிருந்தவன் கணவன், கீழே நின்றவள் மனைவி என்றும், இப்பெயர்கள் அதனால் வந்தன என்றும் ஐதிகம் கூறும். இரு பக்கத்தாரின் கொம்புகளும் கோக்கப்பட்டு வடம் கட்டி இழுக்கப்படும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவராவர். வென்றவர் தோற்றவரை ஏளனஞ்செய்து பாடுவதும் சடங்கின் ஒரு பகுதியாகும்.

இப்பெயர்களின் இயல்பு ஊன்றி நோக்கற்பாலது. ஒருவன் உடுபிலவைச் சேர்ந்தவன் என்பதால் அவனுடைய உடல்வலிமையோ, குணமோ, ஆட்டத்தில் அவனுக்குள்ள நாட்டமோ நமக்குப் புலப்படுவதில்லை. பல ஊர்களில் பக்கம் தந்தைவழியாக வந்தது. வேறு சில இடங்களில் குடியிருந்த பகுதியைப் பொறுத்து அமைந்தது. ஆர்வமுடையவனும் ஆர்வமற்றவனும் ஒரே பக்கத்தில் நின்றனர். ஆளைப் பற்றி ஏதும் கூறாத இப்பெயர் பொருளற்றதென்று கொள்ளலாமா எனின், கொள்ளவியலாது. எந்த வடத்தைப் பற்றுவது, எந்தக் கொம்பைக் காப்பது, எவரை ஏளனஞ்செய்வது, எவரது ஏளனத்தைப் பொறுப்பது என்பவற்றையெல்லாம் அப்பெயரே தீர்மானித்தது. அஃது ஆளை விளக்கும் பெயரன்று. ஆளை ஓரிடத்தில் நிறுத்தும் பெயர்.

மட்டக்களப்புத் தமிழரிடையே கண்ணகி வழிபாட்டோடு இணைந்து வழங்கிய கொம்பு விளையாட்டு இக்கருத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றது. அங்கு ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. லக்கலையில் மேலும் கீழுமாக நின்ற பிரிவு மட்டக்களப்பில் வடக்கும் தெற்குமாக நிற்கின்றது. சொல்லும் மொழியும் திசையும் மாறினும் இருகட்சி அமைப்பு மாறவில்லை. பெயரின் சொற்பொருளைவிட ஆட்டத்தில் அது செய்யும் பணியே முதன்மையானது என்பதை இவ்வொப்புமை காட்டுகின்றது.

ஆடுவோர் பெயர் ஆட்டத்துக்குப் புறம்பான வேற்றுமையைச் சுமந்து நின்ற வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1806 முதல் 1962 வரை ‘கனவான்கள்’, ‘ஆட்டக்காரர்கள்’ என்னும் பெயர்களையுடைய இரு அணிகள் கிரிக்கெட்டில் மோதின. ஊதியம் பெறாது ஆடியோர் கனவான்கள். ஊதியத்துக்கு ஆடியோர் ஆட்டக்காரர்கள். உடைமாற்றும் அறையும் மைதானத்துக்குட் செல்லும் வாயிலும் இவர்களுக்கு வேறாக இருந்தன. ஆட்டப் பதிவுத் தாளில் கனவானின் தலையெழுத்து பெயருக்கு முன்னும், மற்றவரின் தலையெழுத்து பெயருக்குப் பின்னும் அச்சிடப்பட்டது. கனவானாகக் கணிக்கப்பட்ட டபிள்யூ. ஜி. கிரேஸ் கிரிக்கெட்டினால் ஈட்டிய பணம் ஊதியத்துக்கு ஆடியோர் பலரது வருவாயை விஞ்சியது என்பது நாடறிந்த செய்தி. பணத்தைக் குறிப்பதாகச் சொல்லப்பட்ட பெயர் உண்மையிற் குறித்தது குலமேன்மையையே. 1962 இன் இறுதியில் இப்பாகுபாடு நீக்கப்பட்டது. அதனால் ஆட்டத்துக்கு இழப்பேதும் நேரவில்லை. உடுபில, யட்டிபில என்னும் பிரிவை நீக்கினால் அங்கெலியவே இல்லாது போகும். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இனி வீடியோ விளையாட்டுக்கு வருவோம். பலர் ஒருங்கு கூடி ஆடும் கணினி உலகம் ஒன்றை 1978 இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ உருவாக்கத் தொடங்கினார். அதனை வளர்த்தெடுத்தவர் அவரோடு பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில். படமின்றி எழுத்தாலேயே அமைந்த ஆட்டம் அது. இவ்வகை ஆட்டத்திலிருந்து மக்கள் எதனை வேண்டுகின்றனர் என்பது பற்றி 1989 ஆம், 1990 ஆம் ஆண்டுகளில் மூத்த ஆட்டக்காரரிடையே நிகழ்ந்த நீண்ட விவாதத்தைத் தொகுத்து ஆராய்ந்த பார்ட்டில், 1996 இல் வெளியான கட்டுரையில் மேற்சொன்ன நால்வகையை முன்வைத்தார். ஆடுவோரின் நாட்டம் ஏனைய ஆட்டக்காரர்மீதா, ஆட்ட உலகின்மீதா என்பது ஓர் அளவுகோல். அவர் விரும்புவது தாக்கிச் செயற்படுதலா, ஊடாடுதலா என்பது மற்றோர் அளவுகோல். இவ்விரண்டும் குறுக்கிடும் இடத்தில் நான்கு வகைகள் பிறந்தன.

பார்ட்டிலின் நோக்கம் ஆட்களின் உள்ளத்தை அளப்பதன்று. ஆட்ட உலகைச் சமநிலையில் வைத்திருப்பதே. கொல்வோர் பெருகினால் கூடிப்பழகுவோர் அகல்வர். இவ்வாறு ஒரு வகையின் பெருக்கம் மற்றொன்றைப் பாதிக்கும் என்பதை ஆட்டத்தை அமைப்போருக்கு அவர் உணர்த்தினார். அவ்வளவில் இப்பெயர்கள் பயனுடையனவே. ஆயினும், பின்னர் வேறு சிலர் வினாக்கொத்து ஒன்றை அமைத்து, ஒவ்வொருவரும் தாம் எவ்வகையினர் என அறியலாம் என்றனர். அமைப்போனுக்கு உதவிய கருவி ஆடுவோனின் பிறவிக்குணமாக மாறிற்று. நிக் யீ என்னும் ஆய்வாளர் ஏறத்தாழ 3000 ஆட்டக்காரரின் விடைகளைப் புள்ளிவிபர முறையில் ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட முடிவு இம்மாற்றத்தின் குறையை வெளிப்படுத்தியது. சாதனை, கூட்டுறவு, ஆழ்ந்து தோய்தல் என்னும் மூன்று பெரும் நோக்கங்களையும் அவற்றுள் அடங்கும் பத்துச் சிறு நோக்கங்களையும் அவர் கண்டார். ஒரு நோக்கம் மிகுந்தவரிடம் மற்றது குறைந்தே தீரும் என்பதற்கில்லை. சாதனையை விரும்புபவரே தோழமையையும் விரும்பக்கூடும். வேறுபாடுகள் உண்மை, ஆட்களைத் தனித்தனிப் பெட்டிகளுள் அடைத்தல் உண்மையன்று.

அங்கெலிய ஆடியோர் இத்தவற்றைச் செய்யவில்லை. உடுபிலவைச் சேர்ந்தவன் இயல்பிலேயே மேலானவன் என்றோ, யட்டிபிலவைச் சேர்ந்தவன் தாழ்ந்தவன் என்றோ அவர்கள் கொள்ளவில்லை. கீழ்ப்பக்கமே தெய்வத்தின் பக்கம். அதன் வெற்றியே ஊருக்கு நலம் என்று கருதப்பட்டது.

இவ்வினா விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. அதே மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்கள் அதற்குச் சான்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளர் எண்ணற்றோர்; வழியில் மாண்டோரும் பலர். அவர்தம் வழித்தோன்றல்களை 1911 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு ‘இந்தியத் தமிழர்’ என்னும் தனித் தலைப்பின்கீழ்க் கணக்கிட்டது. எண்ணுவதற்கென வகுக்கப்பட்ட தலைப்பு அது. ஆனால் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தலைப்பின்கீழ் வந்தோரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கென விடப்பட்டது. இலங்கையிற் பிறந்து, இலங்கையிலேயே உழைத்தவருக்கும் அப்பெயரே ஊரைத் தீர்மானித்தது. அவ்வரிசையில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே இயற்றப்பட்டது. கொம்பு முறிந்ததும் ஆட்டத்தின் பகை சடங்கோடு அடங்கியது. ஏட்டில் எழுதிய பெயரின் விளைவு தலைமுறை தலைமுறையாக நீண்டது.

ஆகவே, வகைப்பெயர் பொருளுடையதா என்று பொதுப்படக் கேட்பதைவிட மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். அப்பெயரை இட்டவர் யார்? எப்பணிக்காக இட்டனர்? அப்பணி முடிந்தபின் பெயரைக் களைய அதனைச் சுமப்பவருக்கு இயலுமா? ஆட்ட உலகை அமைப்பதற்கு வீடியோ விளையாட்டாளரின் நால்வகை பயன்படும். ஓர் இளைஞனின் இயல்பை எடைபோட அது பயன்படாது. இன்று கொல்பவனாக ஆடுபவன் நாளை தேடலாளனாக ஆடலாம். ஒரே மாலையில் இரண்டுமாகவும் இருக்கலாம். அவனை அறிய விரும்புவோர் அவன் வகையைக் கேட்டு அமையாது, அவன் ஆடுவதை இருந்து நோக்குதல் வேண்டும்.