நூறு மைக்ரோபரட்: மாமாவின் அம்பிளிபயரும் வன்னியின் சத்தமும்

மாமாவின் அம்பிளிபயரை முதல்தரம் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த ஒரு பெட்டி. முன்னுக்கு ஒரே ஒரு குமிழ். உள்ளே சர்க்கிட் போர்ட் என்று எதுவும் இல்லை. கெட்டியான மட்டை ஒன்றில் துளை போட்டு, சாமான்களின் கால்களை அடியில் வளைத்து, ஒன்றோடொன்று ஈயம் வைத்துப் பிடித்திருக்கிறார். சூட்டைக் கடத்த ஐசிக்குப் பின்னால் பூட்டியிருந்த அலுமினியத் தகடு ஒரு காலத்தில் சோத்துச் சட்டியாக இருந்தது. விளிம்பின் வளைவு இன்னும் அப்படியே தெரிகிறது.

1998இல், புதுக்குடியிருப்பில் இடம்பெயர்ந்து இருந்தபோது மாமா இதைச் செய்தார். 2003இல், நான் பிறந்த வருசம், ஓமந்தை தாண்டி வவுனியாவுக்கு வந்த சாமான்களுக்குள் இதுவும் வந்தது. அதனால்தான் இது மிஞ்சியது. 2009 வரை உள்ளே இருந்த வீடுகளில் இப்படியான பெட்டிகள் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க இப்போது வழியில்லை.

நான் கலைப்பீடத்துப் பெடியன். வரலாறு படிக்கிறேன். ஓமின் விதியை ஓ.எல். சோதினையோடு மறந்தவன். ஆனால் போன செமஸ்ரரில் 'பொருட்பண்பாடு' பற்றி ஒரு ஒப்படை எழுதவேண்டி வந்தபோது, மற்றவர்கள் செப்புக்குடத்தையும் ஆட்டுக்கல்லையும் எடுக்க, நான் இந்தப் பெட்டியை எடுத்தேன். ஒப்படையில் எழுதாமல் விட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொற்சிக்கல். தமிழில் நாங்கள் 'ஒலிபெருக்கி' என்று சொல்வது லவுட்ஸ்பீக்கரை. உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. மின்சாரத்தைச் சத்தமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருக்குகிற வேலையைச் செய்கிற பெட்டிக்கு வீட்டில் புழங்குகிற தமிழ்ச் சொல்லே இல்லை. ஆகவே அம்பிளிபயர். கொள்ளளவி என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்வதையும் கடையில் சொல்வதுபோலக் கப்பாசிற்றர் என்றே எழுதுகிறேன்.

மாமாவின் பெட்டியில் இருக்கும் ஐந்து கால் ஐசி டிடிஏ2003. இது வீட்டுக்கென்று செய்யப்பட்டதே அல்ல, கார் றேடியோவுக்குச் செய்யப்பட்டது. மாமாவும் இதை ஒரு பழுதான வாகன செற்றிலிருந்துதான் கழற்றியிருக்கிறார். ஏன் வீட்டு அம்பிளிபயருக்குக் கார் ஐசி? காரணம் எளிது. வீட்டில் கரண்ட் இல்லை, இருந்தது 12 வோல்ற்றுப் பற்றரி.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் போனது. தடைசெய்த பொருட்களில் பற்றரியும் அடக்கம், ரோச் லைற்றுக்குப் போடும் சின்ன பற்றரி உட்பட. றேடியோ இருந்தது, அதற்குத் தீனி இல்லை. அப்போதுதான் சைக்கிள் டைனமோ வீட்டுக்குள் வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுத்த, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று அளவிலான ஆடலோட்டம். அதை டயோட்டுகளால் நேராக்கி, ஒரு கப்பாசிற்றரால் மட்டப்படுத்தினால் நாலு பற்றரி போடும் றேடியோ வேலை செய்யும். தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்ததும், ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டதும் எங்கள் அம்மாக்களின் தலைமுறைக்குச் சாதாரண வேலை. கொஞ்சம் வசதி உள்ளவர்களிடமும் உழவு இயந்திரம் வைத்திருந்தவர்களிடமும் பெரிய பற்றரி இருந்தது. அதை ஜெனரேற்றர் வைத்திருந்த கடையில் கொடுத்து சார்ஜ் பண்ணலாம். அந்த ஜெனரேற்றரும், ரோட்டில் ஓடிய மோட்டர் சைக்கிளைப் போல, துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும்.

12 வோல்ற்று என்பது சும்மா ஒரு எண் இல்லை, அதுதான் அம்பிளிபயரின் கூரை. சத்தத்தின் அலை மேலும் கீழுமாக ஆடுவதற்கு மொத்தம் 12 வோல்ற்று இடம்தான் இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கரில் அது கணக்குப்படி உச்சமாக 4.5 வாற்று. நடைமுறையில் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில். அதற்கு மேல் குமிழைத் திருப்பினால் சத்தம் கூடாது, அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இரண்டு அம்பிளிபயரை எதிரெதிராக ஒரே ஸ்பீக்கரில் பூட்டினால் கூரை நாலு மடங்கு உயரும். பாலக் கட்டமைப்பு என்பார்கள். ஆனால் பற்றரியும் அந்தக் கணக்கில் இறங்கும். மாமா அதைச் செய்யாததற்குக் காரணம் தெரியாமை இல்லை. "பிறகு ஆர் சார்ஜுக்குக் காசு குடுக்கிறது?"

நல்ல சத்தத்துக்காக அம்பிளிபயர் கட்டுகிறவர்களின் உலகத்தில் 'கிளாஸ் ஏ' என்றால் ஒரு பக்தியே உண்டு. 1969இல் ஜோன் லின்ஸ்லி ஹூட் என்பவர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய 10 வாற்று கிளாஸ் ஏ அம்பிளிபயரை இன்றைக்கும் ஆட்கள் கட்டுகிறார்கள். அதில் பாட்டுப் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 32 வாற்று எரிந்துகொண்டே இருக்கும். மாமாவின் ஐசி சும்மா இருக்கும்போது எடுப்பது ஏறக்குறைய அரை வாற்று. அறுபது மடங்கு வித்தியாசம். இந்த எண்ணைப் பார்த்தபோதுதான், 'சிறந்த ஒலி' என்பதற்கு எந்த இடத்திலும் ஒரே விளக்கம் இருக்கமுடியாது என்று எனக்கு உறைத்தது. மௌனத்தைத் தூய்மையாக வைத்திருக்க 32 வாற்று எரிப்பது, சுவரில் பிளக் இருக்கிறவனின் அழகியல்.

ஆனால் வீட்டில் அம்பிளிபயர் கட்டும் பழக்கத்தின் வேரைத் தேடிப்போனால் அங்கேயும் தட்டுப்பாடுதான் நிற்கிறது. இலங்கையின் ஒலிபரப்பே அப்படித்தான் பிறந்தது. எட்வேர்ட் ஹார்ப்பரும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்களும் 1920களின் தொடக்கத்தில் கொழும்பில் நடத்திய முதல் பரிசோதனை ஒலிபரப்புக்கு, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டுதான் பரப்பியைக் கட்டினார்கள். கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது 1925 டிசம்பரில். இங்கிலாந்தில், இரண்டாம் உலகப்போர் முடிந்து பங்கீட்டு அட்டை இன்னும் புழக்கத்தில் இருந்த 1947இல், டி.டி.என். வில்லியம்சன் அதே 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு வால்வு அம்பிளிபயரின் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாற்று, திரிபு 0.1 வீதத்துக்கும் குறைவு. சாதாரண ஆட்கள் அதைப் பார்த்து வீட்டில் கட்டினார்கள்.

வில்லியம்சனின் அந்தச் சிறிய திரிபுக்குப் பின்னால் இருந்தது ஹரோல்ட் பிளாக்கின் யோசனை. 1927 ஓகஸ்ட் 2 காலையில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகையில், கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பக்கத்தில் அவர் அதைக் கிறுக்கிக்கொண்டார். அம்பிளிபயரைத் தேவைக்கு மேல் பல மடங்கு பெருக்க விடு. வெளியே வருவதில் ஒரு துண்டைத் திருப்பி வாசலுக்கு அனுப்பி, உள்ளே போனதோடு ஒப்பிட்டுப் பிழையைக் கழி. பெருக்கம் குறையும், துல்லியம் கூடும். மாமாவின் மட்டையில் இந்த வேலையைச் செய்வது இரண்டே தடையிகள்: 220 ஓம், 2.2 ஓம். ஒன்றை மற்றதால் வகுத்தால் நூறு. அதுதான் பெருக்கம். 2.2 ஓம் கிடைக்கவில்லை. மாமா 4.7 ஓம் இரண்டைச் சமாந்தரமாக வைத்து முறுக்கியிருந்தார். நியூயோர்க் டைம்ஸ் பக்கத்திலிருந்து புதுக்குடியிருப்பு மட்டை வரைக்கும் ஒரு கோடு போகிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் புல்லரிப்பு. மாமாவுக்கு இல்லை.

இனி அந்த நூறு மைக்ரோபரட்டுக்கு வருவோம். ஐசிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் ஒரு கப்பாசிற்றர் இருக்கவேண்டும், நேரோட்டம் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்க. இந்த ஐசியைச் செய்தவர்கள் அதற்குச் சொல்வது 1000 மைக்ரோபரட். மாமா போட்டிருந்தது 100. கப்பாசிற்றர் சிறிதானால் தாழ்ந்த சுரங்கள் அதைத் தாண்டிப் போகாது. 4 ஓம் ஸ்பீக்கரோடு 1000 என்றால் வெட்டு 40 ஹேர்ட்ஸ் அளவில் விழும். 100 என்றால் 400 ஹேர்ட்ஸ் அளவில். அதாவது மேளத்தின் அடி, மிருதங்கத்தின் இடதுபக்கம், ஆம்பிளைக் குரலின் நெஞ்சு எல்லாம் மெலிந்துவிடும்.

ஆனால் மாமி சொல்வது வேறு மாதிரி: "செய்தி நல்லா விளங்கும். இப்பத்தைய செற்றில உறுமல்தான் கேக்குது." அது வெறும் நினைவுப் பாசம் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் அதில் பௌதிகமும் இருக்கிறது. தொலைபேசி எங்கள் குரலில் கடத்துவது சுமார் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரை மட்டும்தான். சொல்லை விளங்கிக்கொள்ள அது போதும். பிபிசி தமிழோசை சிற்றலையில் வந்தது. இரைச்சலோடும் ஏறி இறங்கியும் வரும் ஒரு குரலுக்கு அடிச்சத்தம் தேவையில்லை, மெய்யெழுத்துகள் தெளிவாக விழுந்தால் சரி. எத்தனை பேர், எந்த இடம், எந்தப் பாதை. பிழையாகக் கேட்டால் பிழையான பக்கம் போகவேண்டி வரலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பல பேருக்கு இப்போது தெரியாது. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றியது. அந்த ஒக்டோபரிலிருந்து 2006 வரை நாட்டின் நேரம் அரை மணி முன்னுக்கு ஓடியது. வன்னியில் பழைய நேரமே இருந்தது. அதனால் தமிழோசை கிளிநொச்சிப் பக்கம் ஒன்பதேகாலுக்கும் வவுனியா டவுணில் ஒன்பதே முக்காலுக்கும் தொடங்கியது, இரண்டும் ஒரே கணத்தில். இதைப் பற்றி யாராவது தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பாட்டு வேறு கதை. மூன்று வாற்றை வைத்துக்கொண்டு பாட்டை நிறைவாகக் கேட்க அம்பிளிபயரைத் திருத்திப் பயனில்லை, ஸ்பீக்கரைத் திருத்தவேண்டும். வாற்றை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபெல், காதுக்கு அது சின்ன மாற்றம்தான். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாற்று வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்கு அளவைத்தான் சத்தமாக்குகிறது. மிச்சம் சூடு. கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் அதைவிடப் பல மடங்கு திறமையானது. அதனால்தான் சின்ன அம்பிளிபயரோடும் அது ஊரைக் கூட்டுகிறது.

வீட்டில் பெடியள் கண்டுபிடித்தது மண்பானை. வெறும் ஸ்பீக்கரின் பின்பக்கத்தால் வரும் அலை முன்பக்க அலையைத் தின்றுவிடும், தாழ்ந்த சுரங்களில் முக்கியமாக. பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தால் பின்னலை உள்ளே அடைபடும். பானைக்குள் இருக்கும் காற்றும் தன் சுருதிக்கு ஒத்து அதிரும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் புத்தகமாக எழுதிய விசயம்தான். எங்கள் வீட்டுப் பானை இப்போது இல்லை. "அது ஒரு பாட்டுக்கு நல்லா இருக்கும், மற்றப் பாட்டுக்குக் கிணத்துக்க இருந்து பாடுற மாதிரி" என்பது மாமாவின் விமர்சனம். பானைக்கு ஒரே ஒரு சுருதிதானே.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது இந்த உலகம் கலையத் தொடங்கியது. சீடி பிளேயர்களும் பெரிய பெரிய வாற்று எண்கள் ஒட்டிய செற்றுகளும் வடக்கே போயின. 2006இல் பாதை மறுபடி பூட்டுப்பட்டதும் அதன் பிறகு நடந்ததும் இங்கே சுருக்கிச் சொல்கிற விசயங்கள் இல்லை. போருக்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற்று மின்கம்பி மறுபடி போனது. இப்போது கடையில் விற்கும் 'கிளாஸ் டி' போர்ட்டுகள் கொடுக்கும் மின்சாரத்தில் 90 வீதம் அளவை ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. தடைக் காலத்தில் அது கையில் இருந்திருந்தால் ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் கேட்டிருக்கலாம்! கரண்ட் வந்த பிறகுதான் கரண்டை மிச்சம் பிடிக்கும் அம்பிளிபயரும் வந்தது.

என் நண்பன் ஒருவன், இந்தப் பெட்டியின் உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படி ஒரு புளூடூத் போர்ட்டை வைத்தால் ரெற்றோ மாதிரி இருக்கும் என்றான். சண்டை பிடித்தேன். இது ஆவணம், ஒரு சாமானையும் மாற்றக்கூடாது என்று நின்றேன். அந்த 100 மைக்ரோபரட்தான் இதன் மையம், ஒரு காலத்தின் தட்டுப்பாடு சத்தமாகக் கேட்கிற இடம் என்றெல்லாம் ஒப்படையில் எழுதியும் விட்டேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"தம்பி, அது சாமான் இல்லாததால வச்சது. ஆயிரம் கிடைச்சா மாத்தலாம் எண்டுதான் காலை நீட்டி விட்டிருக்கிறன். வடிவாப் பார்."

பார்த்தேன். உண்மைதான். மற்ற எல்லாச் சாமான்களின் கால்களும் ஒட்ட வெட்டப்பட்டிருக்க, அந்தக் கப்பாசிற்றரின் இரண்டு கால்கள் மட்டும் நீளமாக, கழற்ற வசதியாக வளைந்து நின்றன. இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக அவர் பார்த்திருந்த ஒரு திருத்தத்தை நான் வரலாறு என்று பெயர் வைத்துத் தடுக்கப் பார்த்திருக்கிறேன். தடைக் காலத்துப் புத்திசாலித்தனத்தைப் பற்றி எங்கள் வயதுக்காரர்கள் எழுதும்போது, நான் உட்பட, இப்படித்தான் வழுக்குகிறோம். டைனமோ றேடியோவைச் சுத்தின ஆளுக்கு டைனமோ பிடித்திருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு வேண்டியிருந்தது பற்றரி.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போன ஒருவரிடம் சொல்லி 1000 மைக்ரோபரட், 25 வோல்ற்று ஒன்று எடுப்பித்தேன். மாமாவே ஈயம் வைத்தார். கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் பொட்டு பளபளப்பாகத்தான் விழுந்தது. பழைய கப்பாசிற்றரை எறிய விடாமல், திகதி எழுதிய ஒரு துண்டோடு பெட்டியின் உட்பக்கம் ரேப்பால் ஒட்டினேன். அதுக்கு மட்டும் அவர் சம்மதித்தார்.

பற்றரியைப் பூட்டி ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டோம். தவில் இறங்கி வந்தது. மாமி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னா. இரண்டாவது உருப்படியில் பெட்டியின் மூடி தவிலோடு சேர்ந்து தடதடக்கத் தொடங்கியது. இத்தனை வருசமாக அந்த ஆணிகளைச் சோதிக்கிற அளவுக்கு அடிச்சத்தம் வந்ததில்லையே.

மாமா குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு திருப்புளி எங்கே என்று கேட்டார்.